தோட்ட ரயில் பெட்டிக்குள் தண்ணீர், எங்கே ஒழுகுகிறது? (அவசரம்)

தண்டவாளத்தோட்டம்:
நண்பர்களே, 45 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும் என் தோட்ட ரயிலின் கன்ட்ரோலர், ரிலே எல்லாம் வெளியே ஒரு பெட்டியில் இருக்கின்றன. மூடி ஓரம் முழுக்க சிலிக்கோன் பூசியாகிவிட்டது. ஆனாலும் காலையில் திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். டெர்மினல்களில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது, பாயின்ட் (ரயிலைத் தடம் மாற்றிவிடும் பகுதி) மாறுவதில்லை. சனிக்கிழமை பிள்ளைகள் வருகிறார்கள். உதவுங்கள்.

வெயிலூர்:
எந்த ஊர்? பிளாஸ்டிக்கா, இரும்பா? தண்ணீரைவிட சூடுதான் எமன். பெட்டிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு தகடு போடுங்கள்.

கம்பிக்காரன்:
கேபிள் எந்தப் பக்கம் நுழைகிறது? மேலே என்றால் அதுதான் காரணம். கேபிளைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் உள்ளே இறங்கும். கிளாண்டு (கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் மூட்டு) அடிப்பக்கம் இருக்கட்டும். நுழையும் முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு வளைத்தால் சொட்டு அங்கேயே விழுந்துவிடும்.

பழையபட்டறை:
இதற்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது, தேடிவிட்டுக் கேட்கலாம். இது ஒழுகலே இல்லை. பகலில் உள்காற்று சூடாகி இடுக்கு வழியே வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக்காற்றை இழுக்கும். அந்த ஈரம் மூடியில் நீராகப் படியும், திரும்பிப் போக வழி கிடையாது. பெட்டியில் ஐபி65 என்று தரக்குறி எழுதியிருக்கிறதே என்று கேட்காதீர்கள், அது தூசிக்கும் பீய்ச்சும் நீருக்குமான சோதனை. அடியில் இரண்டு துளை போட்டு, எறும்பு ஏறாமல் வலை ஒட்டுங்கள். அப்புறம், அந்த சிலிக்கோன் வினிகர் வாடை அடித்ததா? அதன் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். மின்சாதனம் பக்கத்தில் அந்த அமிலம் விடாத நியூட்ரல் க்யூர் சிலிக்கோன்தான் பூச வேண்டும், இது அரிச்சுவடி.

தண்டவாளத்தோட்டம்:
ஊர் லெஸ்டர், இங்கிலாந்து. பிளாஸ்டிக் பெட்டி, செடிகளுக்கு நடுவே தரையில் இருக்கிறது. கேபிள் பக்கவாட்டில். ஆமாம், வினிகர் வாடைதான். 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கம்பிக்காரன்:
ஐயா, முதலில் மெயினை அணையுங்கள்! ஈரப் பெட்டிக்குள் 230 வோல்ட், சுற்றிலும் பிள்ளைகள். டிரான்ஸ்ஃபார்மரை வீட்டுக்குள்ளோ ஷெட்டுக்குள்ளோ கொண்டுபோங்கள், தோட்டத்துக்குக் குறைந்த வோல்ட் மட்டும் வரட்டும். தூரம் அதிகமென்றால் தடித்த ஒயர். அந்த லைனில் 30 மில்லிஆம்ப் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா?

வெயிலூர்:
லெஸ்டரா! சரி, சூட்டை விடுங்கள். சிலிக்கா ஜெல் பை போட்டால் போதும்.

பழையபட்டறை:
காற்று போய்வரும் பெட்டியில் அது சீக்கிரமே நிரம்பிவிடும். யோசித்து எழுதுங்கள்.

பேட்டரிரயில்:
தண்டவாளத்தில் மின்சாரம் விட்டால் இந்தத் தொல்லை ஓயாது. எஞ்சினுக்குள் பேட்டரி, கையில் ரேடியோ ரிமோட். பெட்டியே வேண்டாம், தண்டவாளம் துடைக்கும் வேலையும் மிச்சம்.

கம்பிக்காரன்:
பாயின்ட் மோட்டாருக்கு? சின்ன எஞ்சினில் பேட்டரியை எங்கே வைப்பது?

பேட்டரிரயில்:
பின்னால் ஒரு வேகனில். பாயின்ட்டைக் கையால் தள்ளலாம்.

பழையபட்டறை:
மூன்று ரயிலை ஒன்றாக ஓட்டுகிறவர் ஓடி ஓடிப் பாயின்ட் தள்ளுவாரா? தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி எஞ்சினையும் பாயின்ட்டையும் இயக்கும் டிசிசி எதற்கு இருக்கிறது?

பேட்டரிரயில்:
டிசிசிக்கும் தண்டவாளம் சுத்தமாக இருந்தால்தானே ஓடும்? இலை விழும் மாதத்தில் ஓட்டிப் பாருங்கள்.

தண்டவாளத்தோட்டம்:
டிரான்ஸ்ஃபார்மர் ஷெட்டுக்குப் போய்விட்டது, ஆர்சிடி இருக்கிறது. பெட்டியைத் தூணில் ஏற்றி அடியில் துளை போட்டேன். இன்று காலை மூடி காய்ந்திருந்தது. ஒரு பாயின்ட் மட்டும் மாறவில்லை. நன்றி.

கம்பிக்காரன்:
மோட்டார் சத்தம் வருகிறதா? அந்த டெர்மினலைச் சுரண்டிப் பார்த்தீர்களா?