டெல்லியில் இரண்டு வாரம்: டூர் பஸ் இல்லாமல் ஊரைப் பார்க்க வழி சொல்லுங்கள்

பேனாமுள்:

பிப்ரவரியில் அலுவலகப் பயிற்சிக்காக இரண்டு வாரம் டெல்லி போகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் ஐந்தரைக்குத்தான் விடுவார்களாம், அதனால் எனக்கென்று மிஞ்சுவது மாலை நேரமும் நடுவில் வரும் ஒரு சனி ஞாயிறும்தான். கல்லூரியில் படித்தபோது ஒருமுறை டூர் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட், தாமரைக் கோயில் எல்லாம் ஒரே நாளில். இப்போது யோசித்தால் வழிகாட்டி தூக்கிப் பிடித்திருந்த சிவப்புக் கொடிதான் ஞாபகம் வருகிறது, அதன் பின்னால் ஓடியதுதான் நான் பார்த்த டெல்லி.

இந்த முறை அது வேண்டாம். அங்கே குடியிருப்பவர்கள் வேலை விட்டு வந்து என்ன செய்கிறார்கள், எங்கே காய் வாங்குகிறார்கள், எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று பார்க்க ஆசை. தங்குமிடம் இன்னும் முடிவாகவில்லை. அலுவலகம் சென்ட்ரல் செக்ரட்டேரியட் மெட்ரோ பக்கம், கரோல் பாகில் நிறைய லாட்ஜ் உண்டு என்கிறார்கள். இந்தி, ரயிலில் டீ வாங்கும் அளவுக்கு வரும், மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கும் அளவுக்கு வராது.

ஜம்னாபார்:

பதினெட்டு வருஷமாக யமுனைக்கு இந்தப் பக்கம், மயூர் விஹாரில் இருக்கிறேன். அந்தக் கரைக்காரர்கள் எங்களை ஜம்னாபார், அதாவது யமுனைக்கு அக்கரை, என்பார்கள், கொஞ்சம் இளக்காரமாகத்தான், நாங்களும் பழகிவிட்டோம்.

முதலில் கிழமையைப் படித்துக்கொள்ளுங்கள் சார். இந்த ஊரில் எல்லாம் கிழமைக் கணக்கு. செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை, கரோல் பாக், சரோஜினி நகர் கடைகளுக்கும் திங்கள், சாந்தினி சௌக் கடைகளுக்கு ஞாயிறு. இது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை சாந்தினி சௌக் போய் ஷட்டர்களை எண்ணிவிட்டு வந்த சொந்தக்காரர்கள் எனக்கே நாலைந்து பேர் உண்டு.

நீங்கள் கேட்பதற்கு நேரான பதில் வாரச்சந்தைதான். ஏறக்குறைய எல்லாக் காலனிக்கும் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு நாள் சாயங்காலம் ஏதாவது ஒரு தெருவில் சந்தை கூடும், கூடுகிற கிழமைதான் அதற்குப் பெயர். திங்கள் கூடினால் சோம் பஜார், செவ்வாய்க்கு மங்கள் பஜார், புதனுக்கு புத் பஜார், சனிக்கு ஷனி பஜார். மதியம் வெறும் தெருவாக இருக்கும், இருட்டுகிற நேரத்தில் பார்த்தால் இரண்டு பக்கமும் தார்ப்பாயும் தள்ளுவண்டியும் பல்புமாக நிற்கும், மறுநாள் அதே வியாபாரிகள் வேறொரு காலனியில் கடை விரித்திருப்பார்கள். காய்கறி, வாளி, ஸ்வெட்டர், குக்கர் கைப்பிடி, குழந்தைச் செருப்பு எல்லாம் அங்கேதான் வாங்குகிறோம். அடுக்குமாடியில் கார் வைத்திருப்பவரும் அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவும் ஒரே வண்டியில் குனிந்து பட்டாணி பொறுக்குவதை இந்த ஊரில் வேறெங்கும் சுலபத்தில் பார்க்க முடியாது.

பிப்ரவரியில் பச்சைப் பட்டாணி, வெந்தயக்கீரை, கடுகுக்கீரை, காலிஃப்ளவர் எல்லாம் குவிந்து கிடக்கும். கேரட் இங்கே குளிர்காலத்தில் நல்ல சிவப்பாக, நீளமாக, தித்திப்பாக இருக்கும், அல்வாவுக்கு அதுதான். ஏக் பாவ் என்றால் கால் கிலோ, இந்த ஒரு வார்த்தையோடு பாதி சந்தையைச் சுற்றிவிடலாம். காய் வாங்கினால் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் கொசுறு, கேட்டு வாங்குவது இங்கே கௌரவக் குறைச்சல் இல்லை. விற்பவரை பய்யா என்று கூப்பிடுங்கள். அண்ணன் என்று அர்த்தம், நம் காதுக்குத்தான் பையனைக் கூப்பிடுவது போல இருக்கும். ஆப் என்றால் நீங்கள், தூ என்றால் நீ, குழப்பினால் முகம் மாறும்.

தங்குவதற்குக் கரோல் பாக் மோசமில்லை, ஆனால் நீலப் பாதையில் வந்து ராஜீவ் சௌக்கில் மஞ்சள் பாதைக்கு மாறவேண்டும். காலை ஒன்பது மணிக்கு ராஜீவ் சௌக்கில் நீங்கள் நடக்க வேண்டியதே இல்லை, கூட்டமே தூக்கிக்கொண்டு போய்விடும். (அதையும் ஒருநாள் பாருங்கள், உள்ளூர் வாழ்க்கை என்று கேட்டீர்களே.) க்ரீன் பார்க், மாளவியா நகர் பக்கம் அறை கிடைத்தால் ஒரே வண்டியில் அலுவலகம் போகலாம், இறங்கினால் குடும்பங்கள் வாழும் தெரு.

கல்வெட்டு:

நினைவுச் சின்னங்களே வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள். டூர் பஸ் நிற்கிற நாலைந்தை விட்டால் மற்றதெல்லாம் டெல்லிக்காரர்களுக்கு முற்றம் மாதிரி. லோதி கார்டனில் இருப்பவை சையத், லோதி சுல்தான்கள் காலத்துச் சமாதிகள், 15-ஆம் நூற்றாண்டும் 16-இன் தொடக்கமும். அங்கே இருந்த கிராமத்தைக் காலிசெய்து தோட்டமாக்கி 1936-இல் வைஸ்ராய் மனைவி பெயரில் லேடி வில்லிங்டன் பார்க் என்று திறந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகுதான் லோதி கார்டன் ஆனது. குளிர்கால ஞாயிறு பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். பாய் விரித்துப் படுத்திருப்பார்கள், சமாதி நிழலில் பாட்மின்டன் நடக்கும், வேர்க்கடலைத் தோலும் ஆரஞ்சுத் தோலுமாகக் கிடக்கும். வெயிலுக்கு ஒதுங்கியே வளர்ந்த நமக்கு, வெயில் காயவென்றே குடும்பத்தோடு கிளம்பி வருகிறவர்களைப் பார்ப்பது வேடிக்கைதான்.

வியாழன் சாயங்காலம் நிஜாமுதீன் தர்கா. கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாட்டைக் கேட்கப் போகிறோம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நான் சொல்வது கொஞ்சம் முன்னாலேயே போய் அந்தச் சந்துகளில் நிற்கச் சொல்லி. ரோஜாப்பூத் தட்டு, ரொட்டி அடுப்பு, ஏழைகளுக்குச் சாப்பாடு போடக் காசு கொடுக்கிறவர்கள், செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கூப்பிடுகிறவர்கள். சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவும் அவர் சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவும் 1325-இல் சில மாத இடைவெளியில் இறந்தவர்கள், இருவர் சமாதியும் அங்கேயே அருகருகில். ஷாஜகான் மகள் ஜஹானாராவின் சமாதியும் அங்கேதான், மேலே கூரை கிடையாது. தலைக்கு ஒரு கைக்குட்டை கொண்டுபோங்கள்.

பயிற்சியில் ஒரு வியாழன் சீக்கிரம் விட்டால் ஃபிரோஸ் ஷா கோட்லா, டெல்லி கேட் மெட்ரோவில் இறங்கினால் பக்கம். பாழடைந்த கோட்டை, உச்சியில் தோப்ராவிலிருந்து கொண்டுவந்த அசோகர் தூண். கீழே இருட்டறைகளில் ஜின்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஆவிகளுக்கு, மனு எழுதி வைக்கிறார்கள். வேலை கிடைக்க, வழக்கு ஜெயிக்க, மகன் குடியை விட. சிலர் அதே மனுவை நகலெடுத்து அறைக்கு ஒன்றாக வைத்துவிட்டுப் போவார்கள், ஏதோ அரசு அலுவலகத்தில் பிரிவுக்குப் பிரிவு கொடுப்பது போல. தலைநகரத்துக்காரர்கள் அல்லவா. வேடிக்கை பார்க்கலாம், எடுத்துப் படிக்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள்.

கீரைக்கட்டு:

டெல்லிக்குப் போயும் தமிழர்களையா தேடுவாய் என்று என்னைக் கேலி செய்தார்கள். தேடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுகிறவர்கள் இருந்தால்தான் ஒரு ஊரின் சமையலறை வரைக்கும் போக முடியும், ஜம்னாபார் அண்ணா சொல்கிற சந்தைக்கே என்னைக் கூட்டிப்போனது ஆர்.கே.புரத்து மாமி ஒருவர்தான். அங்கே மலை மந்திர் இருக்கிறது, சுவாமிநாத சுவாமி கோயில், 1973-இல் குடமுழுக்கு நடந்தது. அதே ஆர்.கே.புரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கமும் உண்டு, 1946-இல் தொடங்கியது. சாயங்காலம் கோயில் படியில் உட்கார்ந்தால் போதும், யாராவது ஊர் கேட்பார்கள். மத்திய அரசு வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிக்கும் வாக்கியங்கள் தனி ரகம்.

ஆனால் அரசு குவார்ட்டர்ஸ் தமிழர்கள் மட்டும்தான் டெல்லித் தமிழர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் மதராசி கேம்ப் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தவர்கள், பெண்கள் பலர் சுற்றுப்பட்ட வீடுகளில் வேலை செய்தவர்கள். நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் மாதம் இடித்தார்கள். தகுதி உண்டு என்று எழுதப்பட்டவர்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நரேலாவிலிருந்து ஜங்புராவுக்குப் பாத்திரம் தேய்க்க யாரால் தினமும் வரமுடியும்? சாதாரண ஜனங்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

சின்ன விஷயம் ஒன்று: மெட்ரோ போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. அவசரத்தில் ஏறிவிடாதீர்கள்.

பேனாமுள்:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. க்ரீன் பார்க் பக்கம் அறை பார்க்கிறேன். ஞாயிறு காலைக்கு ஏதாவது உண்டா? அப்புறம், ஸ்டேஷனில் ஏமாற்றுவார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

ஜம்னாபார்:

ஞாயிறு காலை பழைய புத்தகச் சந்தை. தர்யாகஞ்ச் நடைபாதையில் இருந்தது, 2019-இல் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள், இப்போது பக்கத்திலேயே ஆசஃப் அலி சாலையில் மகிளா ஹாட் வளாகத்தில் நடக்கிறது. இதற்கும் டெல்லி கேட் மெட்ரோதான். அங்கிருந்து ஜாமா மசூதி நடக்கும் தூரம். தௌலத் கி சாட் விற்கும் வண்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள், கடைந்த பாலின் நுரை, குளிர் போனால் அதுவும் போய்விடும்.

ஸ்டேஷன் விஷயம் நிஜம்தான். நான் வந்த முதல் நாளே ஒருவர், நான் தங்கவிருந்த லாட்ஜ் மூடிவிட்டது என்று ரொம்ப வருத்தமாகச் சொன்னார், வருத்தத்தை நம்பி அவர் காட்டிய இடத்துக்குப் போய் இரண்டு மடங்கு வாடகை கொடுத்தேன். புது டெல்லியில் இறங்கினால் யார் பேசினாலும் நிற்காமல் அஜ்மேரி கேட் பக்கம் நடங்கள், மெட்ரோ அங்கேதான். ராத்திரி நேரமானால் ஆப்பில் வண்டி பிடியுங்கள்.

உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் சந்தை எந்தக் கிழமை என்று மரத்தடியில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள். வாட்ச்மேனைவிட அவருக்குத்தான் தெரியும்.

பேனாமுள்:

சரி அண்ணா. கடைசியாக ஒன்று, திரும்பும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ஸில் இரண்டு இரவு. அந்தச் சிவப்புக் கேரட் தாங்குமா? அம்மா கேட்கிறார்.

கீரைக்கட்டு:

தாங்கும். தழையைக் கிள்ளிவிட்டு, கழுவாமல், பேப்பரில் சுற்றித் துணிப்பையில் வையுங்கள். நான் வருஷாவருஷம் கொண்டுபோகிறேன், மூன்று கிலோ.