ஆமைப் பெட்டி ஊதிப்போய்விட்டது, ஈரம் தாங்கும் பலகை எது?

கல்லடி_நிதன்:
அவசரம். போன வருஷம் செய்த பெட்டி ஊதிப் பிளந்துவிட்டது. மாரி தொடங்க முதல் புதிதாக ஒன்று செய்ய வேண்டும். ஓடாவி சனிக்கிழமை வருகிறார், அதற்குள் சாமான் எடுத்து வைக்க வேண்டும். ஈரத்துக்கு நல்ல பலகை எது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ரிஸ்வி_கல்முனை:
தம்பி, எந்த ஆமை? எவ்வளவு பெரிது? பெட்டிக்குள் தண்ணீர் நிற்குமா, ஈரம் மட்டுமா? வீட்டுக்குள்ளா முற்றத்திலா? பழையது என்ன பலகை? இதெல்லாம் தெரியாமல் எப்படிச் சொல்வது?

வாவி_மீரா:
நட்சத்திர ஆமை, பாறை ஆமை என்றால் வைத்திருக்கவே கூடாது. இரண்டுமே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அப்படியானால் வனஜீவராசிகள் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். பலகையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

கல்லடி_நிதன்:
இல்லை அக்கா, சிவப்புக் காது ஆமை. ஒன்றுதான். ஓடு 16 சென்ரிமீற்றர். விறாந்தையில் வைக்கிறேன், கடல் 300 மீற்றர்தான். பழையது அலுமாரி உடைத்த பலகை, எம்.டி.எஃப். உள்ளுக்கு இரண்டு தரம் பெயின்ற் அடித்துத்தான் தண்ணீர் விட்டேன். இப்போது அடிப்பலகையை விரலால் அழுத்தினால் தேத்தண்ணீரில் தோய்த்த பாண் மாதிரி உள்ளே போகிறது.

ஓடாவி_பேரன் (அக்கரைப்பற்று):
தம்பி, பெயின்ற் மேல் முகத்தில் நன்றாக இருந்திருக்கும். வெட்டு விளிம்பைப் பாருங்கள், தண்ணீர் அங்கேதான் குடித்திருக்கும். எம்.டி.எஃப் என்பது மரநாரைப் பசை போட்டு அழுத்தியது. ஒரு தரம் ஊதினால் காய்ந்தாலும் பழைய அளவுக்கு வராது.

மெரைன் பிளைவுட் எடுங்கள், பி.எஸ். 1088 என்று பிரித்தானியத் தர முத்திரை இருக்கும். கடையில் நம்பிக்கை இல்லையென்றால் ஒரு துண்டு வாங்கி வந்து சட்டியில் சில மணி நேரம் கொதிக்க விடுங்கள். அடுக்கு கழன்றால் அது மெரைன் இல்லை.

ரிஸ்வி_கல்முனை:
மெரைன் என்றால் பெயின்ற்கூடத் தேவையில்லை. அப்படியே அடிக்கலாம்.

ஓடாவி_பேரன்:
இல்லை காக்கா, அதுதான் எல்லாரும் செய்கிற பிழை. மெரைனில் பசை தண்ணீர் தாங்கும், நடுவில் பொந்து இருக்காது, அவ்வளவுதான். மரம் மரம்தான், விட்டால் உக்கும். விளிம்புக்கு மூன்று தரம் எபொக்சி (இரண்டு திரவம் கலந்து பூசுகிற பிசின்) கொடுக்க வேண்டும். முதல் தரம் பூசுவதை மரம் குடித்துவிடும்.

ஊர்வன_ஆசான்:
இந்தக் கேள்விக்கு எத்தனை தரம் பதில் எழுதிவிட்டேன்! ஆமை வாங்க முதல் படித்திருக்க வேண்டும். இந்த இனத்தின் பெண் ஆமை 25 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும், 30 வருஷம் இருக்கும். அதற்கு நாலடிக்கு இரண்டடி, ஒன்றரை அடி ஆழம் என்று வைத்தால் 12 கன அடி, கிட்டத்தட்ட 340 லீற்றர். அதாவது தண்ணீர் மட்டும் 340 கிலோ. அந்தப் பாரத்தைப் பலகைப் பெட்டி தாங்க வேண்டும் என்று யார் சொன்னது? பெரிய பிளாஸ்டிக் தொட்டி வாங்குங்கள். அதுவே போதும்.

வாழைச்சேனை_போட்காரன்:
ஆசான் சொல்வது சரி, ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. போட் திருத்துகிற ஆளைப் பிடித்து உள்ளுக்கு மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வைத்து, ரெசின் ஊற்றி ஃபைபர் இழுத்துவிடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் துறைக்குக் கொடுத்த போட் ஒன்று இன்றைக்கும் கடலுக்குப் போகிறது.

ஓடாவி_பேரன்:
அண்ணன், அந்த போட்டில் பலகை எங்கே? முழுக்க ஃபைபர்தானே. போட்டுக்கு ஊற்றுகிற பொலியெஸ்டர் ரெசின் பலகையில் நன்றாக ஒட்டாது. ஈரத்தில் பலகை அசைய அசைய ஓரத்தில் இருந்து தோல் மாதிரி உரியும். எபொக்சிதான் பலகைக்குப் பிடிக்கும்.

வாழைச்சேனை_போட்காரன்:
நான் பத்துப் பலகைக்கு மேல் செய்திருக்கிறேன், ஒன்றும் உரியவில்லை. நன்றாக உரஞ்சிவிட்டுக் காய்ந்த பலகையில் வைத்தால் பிடிக்கும். எபொக்சியின் விலை தெரியுமா?

ஓடாவி_பேரன்:
விலை தெரியும். உரிந்த பிறகு திரும்பச் செய்கிற கூலியும் தெரியும்.

வாழைச்சேனை_போட்காரன்:
சரி, எபொக்சியையும் சொல்லுகிறேன். கச்சான் காற்று அடிக்கிற வெயில் காலத்தில் அது தங்கம். வாடை அடிக்கிற மாரியில் காற்றே ஈரம், மேலே வெண்மையாகக் கொழுப்பு மாதிரிப் படியும். அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் அடுத்த கோட் அடித்தால் ஒட்டாது. இதை யாரும் சொல்வதில்லை.

ஓடாவி_பேரன்:
இது உண்மை. நிதன், மழை தொடங்க முதல் அடித்து முடியுங்கள்.

ஷிபா_ஏறாவூர்:
நிதன் தம்பி, இந்தச் சண்டையில் முக்கியமான விஷயம் விடுபட்டுப் போகிறது. தண்ணீரைப் பலகையிடம் கொடுக்காதீர்கள். தண்ணீருக்குக் கண்ணாடித் தொட்டி அல்லது பிளாஸ்டிக் தொட்டி, பலகை வெளிச்சட்டத்துக்கும் மூடிக்கும் மட்டும். எங்கள் வீட்டில் நான்கு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது.

சிலிக்கன் வாங்கும்போது குளியலறைக்கு என்று விற்பதை எடுக்காதீர்கள், அதில் பூஞ்சணம் பிடிக்காமல் மருந்து கலந்திருக்கும். மீன்தொட்டிக்கு உள்ளதை எடுங்கள். பூசினால் வினாகிரி மணம் வரும், அது முழுதாகப் போகும்வரை ஆமையை விடவேண்டாம்.

மூடிக்குக் கண்ணாடி போடாதீர்கள். ஓடு பலமாக இருக்க வெயிலில் உள்ள யு.வி.பி. கதிர் வேண்டும்; அதற்கான விளக்கு வைத்தாலும் கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும், ஓடு மென்மையாகிவிடும். வலை போடுங்கள். கல்லடியில் கல்வனைஸ் (நாகம் பூசிய இரும்பு) வலை சீக்கிரம் கறள் பிடிக்கும். துருப்பிடியா எஃகில் 316 என்ற ரகம் கிடைத்தால் எடுங்கள், 304 ரகத்தைவிட உப்புக்காற்றைத் தாங்கும். ஆணி வேண்டாம், திருகாணியும் அதே எஃகில். நான் முதலில் சாதாரணத் திருகாணி போட்டு, கறள் வடிந்து பலகை முழுக்கச் சிவப்புக் கோடு விழுந்தது.

ஊர்வன_ஆசான்:
வலை பற்றிச் சொன்னது சரி. நானும் சொல்ல இருந்தேன்.

வாவி_மீரா:
ஒன்று மட்டும். வளர்ந்த பிறகு இடம் போதவில்லை என்று வாவியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அது அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்து ஆமை. இங்கே விட்டால் நம் ஊர் ஆமைகளின் இடத்தையும் சாப்பாட்டையும் பிடித்துவிடும்.

ரிஸ்வி_கல்முனை:
நிதன், சனிக்கிழமை போய்விட்டது. என்ன செய்தீர்கள்?

ஓடாவி_பேரன்:
தம்பி?

கல்லடி_நிதன்:
(டிசம்பர்) மன்னிக்கவும், வேலையில் மறந்துவிட்டேன். ஷிபா அக்கா சொன்ன மாதிரிக் கண்ணாடித் தொட்டி, வெளியே மெரைன் பிளைவுட் சட்டம். ஒரு துண்டை அம்மாவின் சட்டியில் கொதிக்க வைத்தேன், அடுக்கு கழலவில்லை. விளிம்புக்கு எபொக்சி மூன்று தரம், மழைக்கு முதலே முடிந்தது. இப்போது மூன்று கிழமையாக விடாமல் மழை, பலகை ஒரு இடத்திலும் ஊதவில்லை. மூடியின் பிணைச்சல்தான் கறள் பிடித்துவிட்டது, அதை மறந்துபோய்ச் சாதாரணமானதைப் போட்டுவிட்டேன். மாற்ற வேண்டும்.