ஞாயிற்றுக்கிழமை கோழியும் அப்பாவும்: எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழு

சென்னைத் தம்பி: ஞாயிற்றுக்கிழமை மகனுடைய பிறந்தநாளுக்கு, நெல்லை வண்ணார்பேட்டையில் உள்ள பொரித்த கோழிக் கடையில் பன்னிரண்டு பேருக்குச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். அப்பாவும் வருகிறார்கள்தானே?

பாளை மைனி: மாமா வரட்டும் தம்பி. ஆனால் சிறுநீரகம் கெட்டுப்போனதால் போன பரிசோதனையில் இரத்தத்தில் பொட்டாசியம் 5.6 வந்திருக்கிறது, ஐந்துக்குள் நிற்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

தென்காசிச் சித்தப்பா: ஒரு நாள் தின்றால் என்ன ஆகிவிடும்? பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் தின்ற உடம்பு அது.

பாளை மைனி: அந்தக் கோழி வேறு, இந்தக் கோழி வேறு, சின்ன மாமா. இறைச்சி காய்ந்துபோகாமல் இருப்பதற்காகப் பாஸ்பேட் என்னும் பாஸ்பரஸ் உப்புக் கரைசலை ஏற்றிய கோழி துரித உணவில் நிறைய வருகிறது. பருப்பிலும் பயறிலும் இயல்பாக உள்ள பாஸ்பரஸில் பாதியளவுகூட உடம்பில் சேராது என்றால், இப்படிச் சேர்க்கும் பாஸ்பேட்டில் 90 சதவீதம் வரை சேர்ந்துவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாததால், எலும்பு வலுவிழந்து, இரத்தக் குழாயில் சுண்ணாம்பு படியும். மாமா ராத்திரியெல்லாம் முதுகைச் சொறிவதற்கும் அது காரணமாக இருக்கலாம்.

பெரியக்கா: உருளைக்கிழங்கு வறுவலாவது தின்னட்டும்.

பாளை மைனி: பொட்டாசியமே அதில்தான் மைனி. வீட்டில் என்றால் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் செய்கிறேன். கடையில் யார் செய்வார்கள்? கறுப்புக் குளிர்பானமும் வேண்டாம். புட்டியில் சேர்பொருள் எண் 338 என்று போட்டிருப்பது பாஸ்பாரிக் அமிலம். 339 முதல் 341 வரையும், 450 முதல் 452 வரையும் பாஸ்பேட்டுகள்தான்.

பெரியக்கா: பிறந்தநாளா, பரீட்சையா? பேசாமல் வீட்டில் சொதி வைத்துவிடுவோம். உங்கள் கல்யாண மறுவீட்டு விருந்தில்தான் சொதி பாதிப் பந்தியிலேயே தீர்ந்துபோனது.

தென்காசிச் சித்தப்பா: அன்றைக்கு நான் தயிர்சோறு தின்றேன்.

பாளை மைனி: இத்தனை வருடமாகியும் அந்தச் சொதி ஆறவில்லை! தேங்காய்ப்பால், முருங்கைக்காய், உருளை என்று அதிலும் பொட்டாசியம்தான்.

சென்னைத் தம்பி: உப்பையாவது குறைக்கலாமே? சோடியம் குறைந்த உப்பு வாங்கி அனுப்பினேன் அல்லவா?

பாளை மைனி: அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. அடுப்பங்கரைக்குள்ளேயே விடவில்லை. சாதாரண உப்புதான், நாளைக்கு மொத்தமே 5 கிராம்.

அப்பா: இளநீரை நிறுத்தினீர்கள், வாழைப்பழத்தை நிறுத்தினீர்கள். எனக்கு இரண்டு இட்லியைக் கட்டிக்கொடுங்கள். பேரன் கேக் வெட்டும்போது நான் அங்கே இருப்பேன்.

பாளை மைனி: சரி மாமா. பாஸ்பேட்டைப் பிடிக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும், அதையும் பையில் வைக்கிறேன்.

தென்காசிச் சித்தப்பா: அண்ணனுக்கு ஒரு கால் துண்டாவது எடுத்து வையுங்கள்.

சென்னைத் தம்பி: அப்படியானால் கடையில் பன்னிரண்டு என்று சொல்லவா, பதினொன்றா? வெளியிலிருந்து இட்லி கொண்டுபோனால் உள்ளே விடுவார்களா என்று யாராவது நேரில் கேட்டுச் சொல்லுங்கள்.