தரைக்கடிச் சூடேற்றம்: தெர்மோஸ்டாட் 21 காட்டுகிறது, எனக்கோ குளிர்கிறது

நடுக்கம்:
வணக்கம். வரவேற்பறைத் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதித்திருக்கிறோம், வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தரும் மின்கருவியான ஹீட் பம்பில் ஓடுகிறது. தெர்மோஸ்டாட் 21 டிகிரி காட்டுகிறது. ஆனால் சன்னலோர சோபாவில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தோள்பட்டை சில்லிட்டுப் போகிறது. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று இரவு 10 மணிக்கு அணைத்துவிட்டுக் காலை 6 மணிக்குப் போடுகிறேன். காலையில் நடுங்குகிறோம், மதியம் வேர்க்கிறது. பொறுக்காமல் தண்ணீர்ச் சூட்டை 50-க்கு ஏற்றினேன். மின் கட்டணம் ஏறியதுதான் மிச்சம். பேசாமல் ஒரு ஹீட்டர் ஃபேன் வாங்கிவிடட்டுமா?

குழாய்ப்பித்தன்:
அவசரப்படாதீர்கள். தரைமேல் என்ன விரித்திருக்கிறீர்கள்? தரைச் சூடு எவ்வளவு? சன்னலோரமும் நடு அறையும் தனித்தனியாக வேண்டும். அப்புறம், குழாய்கள் பிரியும் மேனிஃபோல்டில் ஒவ்வொரு லூப்புக்கும், அதாவது குழாய்ச் சுற்றுக்கும், தண்ணீர் ஓடும் அளவைக் காட்டும் ஒரு ஃபுளோ மீட்டர் இருக்கும். அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

நடுக்கம்:
நடுவில் தடித்த கார்பெட். அதைத் தூக்கி அளந்தால் தரை 31, சன்னலோரம் 20. வரவேற்பறைக்கு இரண்டு லூப். ஒன்றின் மீட்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் காட்டுகிறது. இன்னொன்று பூஜ்யத்திலேயே நிற்கிறது. மீட்டர் கெட்டுவிட்டதோ?

குழாய்ப்பித்தன்:
மீட்டர் சரியாகத்தான் இருக்கும், தண்ணீர்தான் ஓடவில்லை. சன்னல் பக்க லூப்பில் காற்று அடைத்திருக்கலாம், அல்லது வால்வு மூடியபடியே ஒட்டிக்கொண்டிருக்கலாம். வால்வின் தலையைக் கழற்றி ஊசியை மெல்ல அழுத்திப் பாருங்கள், மேலே எழும்ப வேண்டும். எழும்பினால் மற்ற லூப்புகளை மூடிவிட்டு இதில் மட்டும் தண்ணீரை ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள்.

வெயில்விரும்பி:
21 டிகிரியிலும் ஏன் குளிர்கிறது என்பதற்குப் பதில் சொல்கிறேன். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் காற்றின் சூட்டைத்தான் பார்க்கிறது. உங்கள் உடம்போ சுவர், தரை, கண்ணாடி எல்லாவற்றோடும் கதிர்வீச்சால் வெப்பத்தைக் கொடுத்து வாங்குகிறது. காற்று அசையாத அறையில், காற்றின் சூட்டுக்கும் சுற்றுப்பரப்புகளின் சராசரிச் சூட்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதைத்தான் உடம்பு உணர்கிறது. காற்று 21, சுற்றுப்பரப்புகள் 17 என்றால் உங்களுக்கு அது 19 டிகிரி அறை. குளிர்ந்த கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் இன்னும் மோசம், கண்ணாடியை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் கீழே இறங்கும். ஹீட்டர் ஃபேன் காற்றைத்தான் சூடாக்கும், கண்ணாடி அப்படியே குளிர்ந்துதான் கிடக்கும்.

இதையே திருப்பிப் போட்டால் தரைச் சூடேற்றத்தின் லாபம் புரியும். தரை வெதுவெதுப்பாக இருந்தால் காற்றை ஓரிரு டிகிரி குறைத்தாலும் உடம்புக்குச் சுகமாகவே இருக்கும்.

குழாய்ப்பித்தன்:
சரியாகச் சொன்னீர்கள். நடுக்கம், அந்த 50-ஐ உடனே குறையுங்கள். ஹீட் பம்பில் தண்ணீர்ச் சூட்டை ஒவ்வொரு டிகிரி இறக்கும்போதும் செலவு சுமார் 2 முதல் 3 சதவீதம் குறையும். தரைக் குழாய்க்கு 35, மிஞ்சினால் 40 போதும். ஆள் நடமாடும் இடத்தில் தரை 29-ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் பொதுவான வரம்பு. உங்கள் 31 கார்பெட்டின் கைவரிசை. சூடு மேலே வர வழியில்லாமல் அடியில் முடங்கிக் கிடக்கிறது. மெல்லிய விரிப்பாக மாற்றுங்கள்.

இரவில் அணைப்பதையும் விடுங்கள். குழாய்மேல் கிடக்கும் கனமான சிமென்ட் பூச்சு சூடாகவே பல மணி நேரம் எடுக்கும். நீங்கள் காலையில் ஊட்டும் சூடு மதியம்தான் மேலே வருகிறது, அதுதான் அந்த வேர்வை. மிதமான சூட்டில் நாள் முழுக்க ஓடட்டும்.

நடுக்கம்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஊசி ஒட்டித்தான் இருந்தது. அழுத்தி விட்டதும் எழும்பியது, அப்புறம் காற்று குடுகுடுவென்று வெளியேறிய சத்தம் பக்கத்து அறைவரை கேட்டது! தண்ணீர் இப்போது 37. சன்னலோரத் தரை 26, நடுவில் 27. தெர்மோஸ்டாட்டை 20-க்கு இறக்கியும் தோளில் குளிர் இல்லை. கார்பெட்டை எடுத்ததில்தான் வீட்டில் கொஞ்சம் வருத்தம். ஒரு சந்தேகம்: குளியலறைத் தரை 31 காட்டுகிறது, அதையும் இறக்க வேண்டுமா?

குழாய்ப்பித்தன்:
வேண்டாம். குளியலறைக்கு 33 வரை போகலாம், ஈரக்காலோடு நிற்கிற இடம் அல்லவா. சோபாவை மட்டும் சன்னலிலிருந்து ஓரடி தள்ளிப் போட்டுப் பாருங்கள்.