ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6: இவ்வளவு பேசுறாங்களே, ஆடலாமா? ஆடினவங்க சொல்லுங்க

அரைவட்டம்:
"கிராபிக்ஸ் வேற லெவல்", "மரண மாஸ்" எல்லாம் கேட்டுக் கேட்டு காது புளிச்சாச்சு. அதை வெச்சு வாங்கலாமா வேண்டாமான்னு ஒருத்தரும் முடிவு பண்ண முடியாது. உள்ளே போனா எதிர்ல என்ன வந்து நிக்கும், எங்கே மாட்டுவோம், எப்படி வெளிய வரலாம், அதை மட்டும் எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாம், ரேங்க் பெருமையும் வேண்டாம்.

நானே ஆரம்பிக்கிறேன். 2023 ஜூன் 2-ல 18 கேரக்டரோட வந்த, ஒருத்தரோட ஒருத்தர் மோதுற சண்டை கேம் இது. உள்ளே மூணு வீடு. ஃபைட்டிங் கிரவுண்ட்தான் நேரடிச் சண்டை, பயிற்சி, ரேங்க் எல்லாம். பேட்டில் ஹப் ஆன்லைன் ஆர்கேட் மாதிரி. வேர்ல்ட் டூர்ல நீங்களே ஒரு உருவம் செஞ்சு, மெட்ரோ சிட்டி முழுக்கச் சுத்தி, ரியூ, சுன் லீ போன்றவங்ககிட்ட சீடனா சேர்ந்து அடி கத்துக்கலாம். தனியா கதை ஆடணும்னு வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: வேர்ல்ட் டூர்ல லெவல் ஏத்துற வேலை நிறைய. தெருவுல போற வர்றவனை எல்லாம் வம்புக்கு இழுத்து அடிக்கிறது முதல் சில மணி நேரம் சிரிப்பா இருக்கும், அப்புறம் கை தானா ஓடும். அங்கே வர்ற பழக்கம் ரேங்க் ஆட்டத்துக்குப் பாதிதான் உதவும்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது: இலவச டெமோவை இறக்குங்க. ரியூ, லூக் ரெண்டு பேர் இருப்பாங்க, பாடமும் இருக்கு. பிசின்னா அது கேமைத் தாங்குமான்னு பார்க்கிற பெஞ்ச்மார்க் கருவியும் தனியா இலவசம், அதை ஓட்டிப் பாருங்க. சண்டைக்குள்ள வினாடிக்கு 60 ஃப்ரேம் (திரையில மாறுற படம்) ஆடாம அசையாம நிக்கணும். 55-க்கு இறங்குனா மற்ற கேம்ல கண்ணுக்குத்தான் உறுத்தும். இங்கே ஆட்டமே மெதுவாகும், எதிராளிக்கும் சேர்த்து.

கேபிள்காரன்:
மேலே சொன்னதோட தொடர்ச்சி. இந்த கேம்ல ரோல்பேக் நெட்கோட் (ஆன்லைன்ல ரெண்டு பேர் ஆட்டத்தையும் ஒத்துப்போக வைக்கிற முறை). பழைய முறையில எதிராளியோட பட்டன் வந்து சேர்ற வரைக்கும் ரெண்டு பக்கமும் காத்திருக்கும், அதனால எல்லாமே தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கும். ரோல்பேக் காத்திருக்காது. "போன ஃப்ரேம்ல என்ன அழுத்தியிருந்தானோ அதையேதான் இப்பவும் அழுத்துவான்"னு ஊகிச்சு ஆட்டத்தை ஓட்டிடும். ஊகம் தப்பானா, பின்னாடி போய் திருத்தி, அதே வேகத்துல மறுபடி கணக்குப் போட்டு நிகழ்காலத்துக்கு வரும். ஒரு ஃப்ரேம் 16.67 மில்லிசெகண்ட். ரெண்டு மூணு ஃப்ரேம் திருத்தம் கண்ணுக்கே தெரியாது. ஏழெட்டு ஃப்ரேம் ஆச்சுன்னா எதிராளி ஒரு இடத்துல மறைஞ்சு இன்னொரு இடத்துல முளைப்பான்.

இங்கேதான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. நெட் வேகம் 300 எம்பிபிஎஸ்னு பெருமைப்பட்டு பிரயோஜனம் இல்ல. சண்டைக்குப் போற டேட்டா ரொம்பக் கம்மி. முக்கியமானது சீர். பிங் (டேட்டா போய்த் திரும்புற நேரம், மில்லிசெகண்ட்ல) 90-லயே நிலையா நின்னா ரோல்பேக் சமாளிச்சுடும். 30-க்கும் 140-க்கும் நடுவுல குதிச்சா எந்த நெட்கோடும் காப்பாத்தாது. வைஃபை குதிக்கும். ரவுட்டர் பக்கத்துலயே இருந்தாலும் குதிக்கும். அதனால ஈதர்நெட் கேபிள் போடுங்க. மேட்ச் ஏத்துக்கிற திரையிலேயே எதிராளி கேபிளா வைஃபையான்னு குறி காட்டும். வைஃபை குறி பார்த்ததும் நிறைய பேர் மறுத்துட்டுப் போயிடுவாங்க. "யாரும் என்கூட ஆட வர மாட்டேங்கிறாங்க"ங்கிற புலம்பலுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

டிவியில ஆடுறவங்க கேம் மோடு போட மறக்காதீங்க. அதைப் போடாத டிவி 50 மில்லிசெகண்ட் தின்னா, மூணு ஃப்ரேம் போச்சு. அந்த மூணு எவ்வளவு பெரிசுன்னு கீழே யாராவது டிரைவ் இம்பாக்ட் பத்தி எழுதுறப்போ புரியும்.

கார்னர்பூனை:
சரி, அதை நான் எழுதுறேன். இந்த கேமோட உயிரே டிரைவ் கேஜ்தான். ஆடலாமா வேண்டாமாங்கிறதும் அதை நீங்க ரசிப்பீங்களா இல்லையாங்கிறதுலதான் இருக்கு.

உயிர்ப் பட்டைக்குக் கீழே ஆறு கட்டம். பழைய கேம்கள்ல மீட்டர் காலியா ஆரம்பிச்சு நிறையும். இங்கே நிறைஞ்சே ஆரம்பிக்கும், செலவு பண்றது உங்க பாடு. டிரைவ் இம்பாக்ட்டுக்கு (எதிர் அடியைத் தாங்கிக்கிட்டே பாயுற கனத்த அடி) ஒரு கட்டம். ஓவர்டிரைவ் அடிக்கு (ஸ்பெஷல் அடியோட பலமான வடிவம்) ரெண்டு. டிரைவ் ரிவர்சலுக்கு (பிளாக் பண்ணிக்கிட்டே திருப்பித் தள்ளுற அடி) ரெண்டு. பாரியிலிருந்து (வர்ற அடியை ஏத்து முறிக்கிற தற்காப்பு) ஓடுற டிரைவ் ரஷ்ஷுக்கு (சட்டுனு முன்னாடி பாயுற ஓட்டம்) ஒண்ணு. சாதாரண அடியை நடுவுல அறுத்து அதிலிருந்து ரஷ் ஓடினா மூணு.

புதுசா வர்றவங்க செய்யிற தவறு இந்தக் கணக்குலயே இருக்கு. வீடியோ பார்த்து ஒரு காம்போ (விடாம கோர்த்த தொடர் அடி) கத்துக்கிறாங்க: குனிஞ்ச மீடியம் கிக், அதை அறுத்து ரஷ், ரெண்டு அடி, கடைசியில ஓவர்டிரைவ். மூணும் ரெண்டும் அஞ்சு. ஒரே தடவையில அஞ்சு கட்டம் காலி. எதிராளி செத்துட்டா பரவாயில்ல. சாகலைன்னா உங்ககிட்ட ஒண்ணு சொச்சம்தான் மிச்சம், அடுத்து நாலு அடி பிளாக் பண்ணினா அதுவும் கரையும். ஏன்னா பிளாக் பண்றதுக்கே கேஜ் தேயும்.

பூஜ்யத்துக்கு வந்தா பர்ன்அவுட். ஆள் சாம்பல் நிறமாயிடுவான். அதுக்கப்புறம் கேஜ் முழுசா நிறையற வரைக்கும் டிரைவ் சம்பந்தப்பட்ட எதுவும் கிடையாது. ஸ்பெஷல் அடியை பிளாக் பண்ணினாலும் உயிர் குறையும். எதிராளி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் பிளாக்ல நாலு ஃப்ரேம் கூடுதல் சாதகம் அவனுக்கு. நாலு ஃப்ரேம்னா என்னன்னா, இந்த கேம்ல வேகமான சாதாரண அடியே நாலு ஃப்ரேம்தான். அதாவது முன்னாடி உங்க முறையா இருந்தது எல்லாம் இப்போ அவன் முறை.

இப்போ அந்தக் கோரக் காட்சி. நீங்க பர்ன்அவுட், முதுகு கார்னர்ல (களத்தோட ஓரச் சுவர்). அவன் டிரைவ் இம்பாக்ட் போடுறான். நீங்க ஒழுங்கா பிளாக் பண்றீங்க. பிளாக் பண்ணினாலும் சுவத்துல மோதி ஸ்டன் ஆகி, தலைக்கு மேல சுத்தல் வந்து நிப்பீங்க. அவன் நிதானமா மூணாம் லெவல் சூப்பர் வரைக்கும் போடலாம். "பிளாக் பண்ணினேனே"ன்னு கத்துறதுல அர்த்தமில்ல. தப்பு நடந்தது அஞ்சு வினாடி முன்னாடி, அந்த காம்போ கணக்குல.

இனி இம்பாக்ட்டைத் தடுக்கிறது. அது வெளிய வர 26 ஃப்ரேம், அதாவது 0.43 வினாடி. ரெண்டு அடியைத் தாங்கும், மூணாவது விழுந்தா உடையும். கண் பார்த்து கை அசைய சுமார் 15 ஃப்ரேம் போயிடும். டிவி மூணு தின்னா மிச்சம் எட்டு. பதில் எளிசு: நீங்களும் இம்பாக்ட் போடுங்க. பின்னாடி போட்டவன்தான் ஜெயிப்பான். த்ரோ (பிடிச்சுத் தூக்கிப் போடுறது) பிடிச்சாலும் செல்லும், இம்பாக்ட்டோட கவசம் த்ரோவைத் தாங்காது. தெரிஞ்சும் அடி வாங்குறதுக்குக் காரணம் ரிஃப்ளெக்ஸ் இல்லாதது அல்ல, அந்த நேரத்துல கை வேற பட்டன்ல கிடக்கிறதுதான். பழக்கத்துல ஒரு ஹெவி அடியையோ ஃபயர்பாலையோ விட்டிருப்பீங்க, அது முடியற வரைக்கும் எந்தப் பட்டனும் வேலை செய்யாது.

பழையகுச்சி:
பூனை சொன்னது எல்லாம் சரி, ஆனா கசப்பையும் சொல்லணும். நாலாவது பாகத்துலயோ மூணாவது பாகத்துலயோ ஊறினவங்களுக்கு இங்கே நடுக்களம் சுருங்கின மாதிரி தெரியும். தூரத்துல நின்னு எட்டடி முன்ன பின்ன நகர்ந்து ஆடுற அந்த சதுரங்கம் டிரைவ் ரஷ் வந்ததும் அரைப் பங்காயிடுச்சு. ரஷ்ல வர்ற சாதாரண அடிக்கு நாலு ஃப்ரேம் கூடுதல் சாதகம் வேற. பிளாக் பண்ணினாலும் அவன் முறைதான்.

அப்புறம் கார்னர் த்ரோ. த்ரோ வாங்கி எழுந்தா அவன் மறுபடி த்ரோ தூரத்துலயே நிப்பான், திரும்பவும் அதே கேள்வி. தப்பிக்கிற வழி தாமத டெக் (டெக்னா த்ரோவை அறுக்கிறது): எழும்போது முதல்ல கீழ் பின்பக்கம் பிடிச்சு பிளாக், சில ஃப்ரேம் கழிச்சு லைட் பஞ்ச், லைட் கிக் ரெண்டும் சேர்த்து. அடிச்சா பிளாக் ஆகும், த்ரோ வந்தா அறுந்துடும். ஆனா அவன் ஒரு அடி பின்வாங்கி நின்னா உங்க த்ரோ காத்துல போகும், ஹெவி அடி முகத்துல விழும். அதைப் பயந்து சும்மா இருந்தா மறுபடி த்ரோ. இது கடைசியில ஊகம்தான். சிலருக்கு இதுதான் சுவை, சிலருக்கு இதுதான் எரிச்சல். எனக்கு எரிச்சல் ரகம், இருந்தும் கேம் நல்ல கேம்தான்.

இன்னொண்ணு. முன்னாடி நடந்துக்கிட்டே ஃபயர்பால் போட்டா ஷோர்யுகென் (மேல எகிறிக் குத்துற அடி) வந்து ஆகாசத்துல தொங்குறது. கன்ட்ரோலர் கெட்டுப்போகலை. முன், கீழ், கீழ்முன், முன்: இதுல முதல் மூணையும் கேம் ஷோர்யுகென்னா படிச்சுடும். நடையை நிறுத்தி, குச்சியை நடுவுக்கு விட்டு, ஒரு கணம் கழிச்சுச் சுத்துங்க.

ஒருபட்டன்:
மாடர்ன் கன்ட்ரோல் பத்தி யாரும் பேசலையே. ஏளனம் பண்றவங்க கவனிக்க: ஸ்பெஷல் ஒரே பட்டன், அதுக்கு விலையா சேதம் 20 சதவீதம் குறையும். அதே அடியைக் குச்சியைச் சுத்தியே போட்டா மாடர்ன்லயும் முழுச் சேதம் உண்டு. ஆனா சில சாதாரண அடிகளே கிடையாது, அது பெரிய இழப்பு. லாபம் ஆன்டி ஏர்ல: எதிராளி குதிச்சதைப் பார்த்துட்டு ஒரு பட்டன், அவ்வளவுதான். பழைய முறையான கிளாசிக்ல ஆறு பட்டன், சுத்தல் எல்லாம் கைக்கு வர வாரங்கள் ஆகும். அதுவரைக்கும் நீங்க எதிராளியோட சண்டை போடலை, கன்ட்ரோலரோடதான் போடுறீங்க. ரேங்க்ல ரெண்டு முறையும் கலந்தேதான் வரும்.

பழையகுச்சி:
ஏளனம் இல்ல தம்பி. பட்டன் ஒண்ணானாலும் எப்போ அழுத்தணும்னு தெரியணும். ஒத்துக்கிறேன்.

அரைவட்டம்:
பயிற்சி அறை பத்தி, ஏன்னா இந்த கேமை வாங்கச் சொல்றதுக்கு எனக்கு இருக்கிற முதல் காரணம் அதுதான். இம்பாக்ட் பயத்தைப் போக்க இப்படி அமைங்க. டம்மி (பயிற்சி அறையில நிக்கிற எதிராளி) ரெக்கார்டிங்ல முதல் இடத்துல ரெண்டு குனிஞ்ச மீடியம் கிக்கும் ஃபயர்பாலும். ரெண்டாவது இடத்துல அதே ரெண்டு கிக், அப்புறம் இம்பாக்ட். மூணாவது இடத்துல சும்மா முன்ன பின்ன நடை. மூணையும் ஆன் பண்ணி மாறி மாறி வர விடுங்க. வெறுமனே நின்னு காத்திருக்காதீங்க, அது பொய்ப் பயிற்சி. நீங்களும் நடந்து, அடிச்சு, ஆட்டத்துல இருக்கிற மாதிரியே இருங்க. பத்துல ஏழு தடவை திருப்பி அடிச்சா போதும், ஒரு நாளைக்குப் பதினைஞ்சு நிமிஷம்.

ஃப்ரேம் மீட்டரையும் ஆன் பண்ணுங்க. உங்க அடி முடிஞ்சது எங்கே, அவன் அசைய ஆரம்பிச்சது எங்கேன்னு கட்டம் கட்டமா நிறத்துல காட்டும். பிளாக்ல மைனஸ் நாலு ஆகிற (அவனைவிட நாலு ஃப்ரேம் தாமதமா நீங்க அசையுற) அடியைப் பக்கத்துல நின்னு போட்டா நாலு ஃப்ரேம் ஜாப் (வேகமான லேசான குத்து) வாங்குவீங்க. இதுக்கு அட்டவணை மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, கண்ணுக்கே தெரியும். தோத்த மேட்சோட ரீப்ளேயைத் திறந்து, அடி வாங்குன இடத்துல நிறுத்தி, அங்கிருந்து நீங்களே கன்ட்ரோல் எடுத்து வேற பதில் போட்டுப் பார்க்கவும் வசதி இருக்கு.

பின்வாங்குநடை:
டெக்கன் 8-ஆ (இன்னொரு சண்டை கேம்) இதுவான்னு குழம்புறவங்களுக்கு. அது 2024 ஜனவரி 26-ல 32 கேரக்டரோட வந்தது. கை கால் நாலுக்கும் தனித்தனி பட்டன், ஒவ்வொரு ஆளுக்கும் நூத்துக்கு மேல அடி. முதல் நாள் பட்டனைப் போட்டுக் குத்தினாலே அழகா வரும், அதுல அது ஜெயிக்கும். கஷ்டம் பின்னாடி வரும்: எதிராளியோட தொடர் அடியில மூணாவது ஹை (தலைக்கு வர்ற அடி), குனிஞ்சா தப்பிக்கலாம்னு தெரியாத வரைக்கும் அதே அடியை நூறு தடவை வாங்கணும். 32 பேர், நூறு நூறு அடி, கணக்குப் போட்டுக்கோங்க. ஹீட் (ஆளுக்குப் பலம் கூடுற நிலை) வேற ரவுண்டுக்கு ஒரு தடவை, பத்து வினாடி, அந்த நேரம் தற்காப்பே நஷ்டம். 2025 ஏப்ரல்ல வந்த ரெண்டாவது சீசன் மாற்றம் ஆடுறவங்ககிட்ட பெரிய எதிர்ப்பைக் கிளப்பிச்சு, அப்புறம் திருத்தம் வந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல கத்துக்க வேண்டியது கம்மி, ஆனா அதைச் சுத்தமா செய்யணும்.

கேபிள்காரன்:
ஒரு வார்த்தை வாங்குற விஷயத்துல. வெறும் அடிப்படைப் பதிப்பு எடுத்தா 18 பேர்தான். அகூமா, பைசன், எஸ்என்கே-ங்கிற வேற கேம் கம்பெனியிலேர்ந்து வந்த டெர்ரி, மாய் எல்லாம் தனிக் காசு. 2025 ஜூன்ல முதல் ரெண்டு வருஷத்து எட்டு பேரையும் சேர்த்து 26 பேரோட ஒரு பதிப்பு வந்தது. ஆனா ஆரம்பத்துல ஒரே ஆள் போதும். ரேங்க் ஒவ்வொரு கேரக்டருக்கும் தனித்தனிதான், ஆளை மாத்தினா புதுசாவே ஆரம்பிப்பீங்க. கைவசம் இல்லாத கேரக்டர்கிட்ட அடி வாங்குறீங்கன்னா வாடகை டிக்கெட்ல எடுத்துப் பயிற்சி அறையில பிரிச்சுப் பாருங்க.

கார்னர்பூனை:
முதல் ஆள் யாருன்னு கேட்டு வரப்போறாங்க, இப்பவே சொல்லிடறேன். லூக், இல்லன்னா ரியூ. ஜங்கீஃப் ஆசை இருந்தா தாராளமா எடுங்க, ஆனா கிட்டப் போறதுக்கே பாதி ரவுண்டு போகும். டால்சிமை மட்டும் முதல் ஆளா எடுக்காதீங்க. அவரோட நீட்டுக் கையில பழகிட்டா, மற்ற யாரை எடுத்தாலும் தூரம் பிடிபடாது.