மின்சாரக் கார் லீஸ்: தவணை 330 என்கிறார்கள், மொத்தக் கணக்கு இடிக்கிறது. உதவி தேவை

மின்பயணி:

வணக்கம் நண்பர்களே. சின்ன மின்சாரக் கார் ஒன்றை 36 மாத லீஸில் எடுக்கக் கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். நாணயத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் தருகிறேன், அவரவர் ஊர்க் கணக்குக்கு மாற்றிப் பார்க்க வசதியாக இருக்கும்.

காரின் விலை 24,000. திரும்பி வராத முன்பணம் 3,600. மாதத் தவணை 330. மூன்று வருஷம் கழித்து வண்டியின் எஞ்சிய மதிப்பு 12,000 என்று போட்டிருக்கிறார்கள். ஆவணக் கட்டணம் 300, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது 250. வருஷத்துக்கு 10,000 கி.மீ. வரம்பு, மேலே போனால் கி.மீ.க்கு 0.15. இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் எல்லாம் நம் தலையில்.

பேட்டரி 40 யூனிட். வேலை நாளில் போக வர 46 கி.மீ., மாதம் 22 நாள். வார இறுதிகளில் எல்லாம் சேர்த்து மாதம் 250 கி.மீ. இருப்பது வாடகை வீடு, கார் நிற்கும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று இருக்கிறது.

மாதம் உண்மையில் எவ்வளவு ஆகும்? முன்பணம் கட்டுவது நல்லதா? சுவர் சார்ஜர் கட்டாயம் போட வேண்டுமா? விற்பனையாளர் 22 கிலோவாட் சார்ஜர் ஒன்றைச் சேர்த்து விற்கப் பார்க்கிறார்.

கணக்குநோட்டு:

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன். 330 x 36 = 11,880. அதோடு 3,600, 300, 250 சேர்த்தால் 16,030. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 445. விளம்பர எண்ணுக்கும் இதற்கும் 115 வித்தியாசம். எந்தக் கொட்டேஷன் வந்தாலும் முதலில் இப்படி எல்லாவற்றையும் கூட்டி மாதங்களால் வகுத்துவிட்டு, அப்புறம் இன்னொன்றோடு ஒப்பிடுங்கள். முன்பணத்தை ஏற்றினால் தவணையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக் காட்டலாம்.

அடுத்து வட்டி. லீஸ் தவணையில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று தேய்மானம்: விலையிலிருந்து முன்பணத்தைக் கழித்தால் 20,400. அதில் எஞ்சிய மதிப்பு 12,000 போனால் 8,400. அதை 36-ஆல் வகுத்தால் 233.33. தவணை 330 என்பதால் மீதி 96.67 வட்டி. இந்த 96.67-ஐ 20,400 + 12,000 = 32,400-ஆல் வகுத்தால் 0.00298 வரும். சில நிறுவனங்கள் வட்டி விகிதம் என்று சொல்லாமல் இந்தச் சின்ன எண்ணைத்தான் தாளில் போடும். 2,400-ஆல் பெருக்கினால் வருஷ வட்டி: சுமார் 7.2 சதவீதம். தொடக்க நிலுவை, முடிவு நிலுவை இரண்டின் சராசரிக்கு 2, வருஷத்துக்கு 12 மாதம், சதவீதத்துக்கு 100. இந்த மூன்றின் பெருக்கல்தான் அந்த 2,400. தவணையில் வரி சேர்ந்திருந்தால் அதை முதலில் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கு.

உங்கள் வங்கி கார் கடனுக்கு என்ன வட்டி கேட்கிறது என்று பாருங்கள். அதைவிட இது கூடுதலாக இருந்தால் பேரம் பேச இடம் இருக்கிறது. காரின் விலையையும் பேரம் பேசலாம், லீஸ் என்பதற்காகப் பட்டியல் விலையை அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. விலையில் 1,000 குறைந்தால் தவணையில் சுமார் 31 குறையும்.

நான்குசக்கரம்:

கி.மீ. வரம்பைக் கவனித்தீர்களா நண்பரே? உண்மையான ஓட்டை அங்கேதான். 46 x 22 = 1,012. வார இறுதி 250 சேர்த்தால் மாதம் 1,262, வருஷத்துக்கு 15,144. வரம்பு 10,000. மூன்று வருஷத்தில் 15,432 கி.மீ. அதிகம் ஓடும். 0.15 வீதம் 2,315, அதுவும் வண்டியைத் திருப்பும் அன்று ஒரே மொத்தமாகக் கேட்பார்கள். மாதத்துக்குப் பிரித்தால் 64. அப்போது நிஜச் செலவு 445 இல்லை, 509.

15,000 கி.மீ.க்கு ஒரு கொட்டேஷன் கேளுங்கள். அதிகம் ஓடும் வண்டியின் எஞ்சிய மதிப்பைக் குறைப்பார்கள். 12,000-ஐ 11,200 ஆக்கினால்கூட, அதே வட்டியில் தவணை சுமார் 20 தான் ஏறும், 36 மாதத்துக்கு 714. 2,315 எங்கே, 714 எங்கே. ஓட்டம் முன்கூட்டியே தெரிந்தவர் வரம்பைக் குறைத்து எழுதினால் அவருக்கே நஷ்டம். கூடவே ஒன்றைக் கேட்டு வையுங்கள்: பாதியில் வரம்பை மாற்ற முடியுமா? ஓடாத கி.மீ.க்குப் பணம் திரும்புமா? பெரும்பாலும் திரும்பாது. அதனால் 20,000-க்கும் தாவ வேண்டாம்.

மின்பயணி:

நன்றி. 15,000-க்குக் கேட்கிறேன். ஆனால் முன்பணம் பற்றித் தெளிவு வேண்டும். "லீஸில் முன்பணமே கட்டாதே, வண்டி போனால் பணமும் போகும்" என்று பலரும் சொல்கிறார்கள். சரிதானா?

கணக்குநோட்டு:

பாதி சரி. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை.

முன்பணம் இல்லாமல் அதே வட்டியில் போட்டால் தவணை சுமார் 441. முன்பணத்தை மாதத்துக்கு 100 என்று பரப்பினால் உங்கள் இப்போதைய தவணை 430. ஆக, 36 மாதத்துக்கு 387 அதிகம். இது 3,600-ஐக் கையில் வைத்திருப்பதற்கான விலை.

இப்போது 10-ஆம் மாதம் வண்டி முழுச் சேதம் என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ் தருவது அன்றைய சந்தை மதிப்பு, 16,000 என்று வைப்போம். முன்பணம் கட்டியிருந்தால் ஒப்பந்த நிலுவை சுமார் 18,067. கையிலிருந்து 2,067 போகும். முன்பணத்தில் பயன்பட்டது 1,000 தான், மீதி 2,600-உம் போச்சு. மொத்த இழப்பு 4,667. முன்பணம் கட்டாவிட்டால் நிலுவை 20,667, பற்றாக்குறை அதே 4,667! அதாவது முன்பணம் கட்டாமல் விடுவதால் மட்டும் எதுவும் மிஞ்சாது.

வித்தியாசம் எப்போது வரும் என்றால், நிலுவைக்கும் சந்தை மதிப்புக்கும் உள்ள இடைவெளியை ஈடுகட்டும் 'கேப்' காப்பீடு இருக்கும்போது. அது இடைவெளியைக் கட்டும், ஆனால் நீங்கள் ஏற்கெனவே கொடுத்த முன்பணத்தை வழக்கமாகத் திருப்பித் தராது. அதனால் கேப் இருந்தால் முன்பணம் வேண்டாம். கேப் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். மின்சாரக் காருக்கு இது கூடுதல் அவசியம். 2023 ஜனவரியில் டெஸ்லா புதுக் கார் விலையைச் சட்டென்று குறைத்தபோது பழைய டெஸ்லாக்களின் மதிப்பும் கூடவே இறங்கியது. லீஸ் முடிவில் அந்த இறக்கம் நிறுவனத்தின் நஷ்டம். நடுவில் விபத்து என்றால் மட்டும் நம் நஷ்டம்.

'முன்பணம்' என்ற சொல்லையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். திரும்பி வரும் வைப்புத்தொகை வேறு, தவணையைக் குறைக்கக் கட்டும் பணம் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லிக் குழப்புவார்கள்.

செம்புக்கம்பி:

சார்ஜர் கேள்விக்கு வருகிறேன். 22 கிலோவாட் வேண்டவே வேண்டாம். வீட்டுச் சார்ஜர் என்பது உண்மையில் மின்சாரத்தைப் பாதுகாப்பாகத் திறந்துவிடும் பெட்டி. ஏசியை டிசி ஆக்கும் வேலை காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜருடையது. மலிவுக் கார்களில் பெரும்பாலும் அது 7 கிலோவாட் அளவு, ஒற்றைப் பேஸ். அதற்கு மேல் எந்தப் பெட்டி மாட்டினாலும் கார் இழுக்காது. 22-க்கு மூன்று பேஸ் இணைப்பும் 32 ஆம்பியரும் வேண்டும், அந்தச் செலவு தனி.

உங்களுக்கு 7 கிலோவாட்கூடத் தேவையா என்று பார்ப்போம். 100 கி.மீ.க்குப் பேட்டரியிலிருந்து 15 யூனிட் என்று வைத்தால், சார்ஜ் இழப்பு 12 சதவீதம் சேர்த்து மீட்டரில் 17 ஓடும். 46 கி.மீ.க்கு 7.8 யூனிட். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட், மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இரவு 10 மணி நேரம் போட்டால் 135 கி.மீ. ஓட்டம் ஏறும். வாடகை வீட்டில் இது போதும்.

ஆனால் அந்தப் பிளக் பாயிண்டை நம்பலாமா என்பதுதான் விஷயம். இஸ்திரிப் பெட்டி பத்து நிமிஷம் இழுக்கும், கார் ராத்திரி முழுக்க இழுக்கும். ஸ்குரூ கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த இடத்தில் தடை கூடிச் சூடேறும், சூட்டில் பிளாஸ்டிக் இளகும், பிடிப்பு இன்னும் தளரும், இன்னும் சூடேறும். சாக்கெட் துளையைச் சுற்றி மஞ்சள் கலந்த பழுப்பு வளையம் தெரிந்தாலோ, பிளக் பின்னின் பளபளப்பு ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தாலோ அன்றோடு நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியனிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள்: மெயின் போர்டிலிருந்து வேறு எதுவும் சேராத தனி லைன், 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் தனி எம்சிபி, கசிவு இருந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (டைப் ஏ-வாவது இருக்கட்டும், டைப் ஏசி வேண்டாம்), எர்த் சோதனை. புது சாக்கெட் நல்ல தரத்தில். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடியபின் பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் கழற்றிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

பின்னால் சுவர் சார்ஜர் போடுவதானால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பி அவர் வீட்டோடு தங்கும், பெட்டி உங்களோடு வரும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பெட்டியை லீஸோடு சேர்த்து வாங்கினால் அதற்கும் 7.2 சதவீத வட்டி போடுகிறார்கள் என்று அர்த்தம்.

மின்பயணி:

அப்படியானால் சார்ஜரை நீக்கச் சொல்லிவிடுகிறேன். கார் விலையில் பேட்டரி சேர்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொரு கொட்டேஷனில் விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கிறது.

பட்டறை:

தாளில் 'பேட்டரி வாடகை', 'பேட்டரி சந்தா' என்ற வரி தனியாக இருக்கிறதா பாருங்கள். இது புதிது இல்லை. ரெனோ நிறுவனத்தின் சோயி மின்சாரக் கார் 2012 இறுதியில் வந்தபோதே பேட்டரி மாத வாடகைக்குத்தான். சீனக் கார் நிறுவனமான நியோ 2020-இல் சந்தா முறை கொண்டுவந்தது. கி.மீ. கணக்கில் கட்டணம் என்றால் உங்கள் 15,144 கி.மீ.யோடு பெருக்கிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். குறைந்தபட்ச கி.மீ. என்று ஒரு வரி இருந்தால், ஓடாவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும்.

பேட்டரி எந்த வகை என்றும் கேளுங்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்றால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அவ்வப்போது 100 சதவீதம் வரை ஏற்றச் சொல்வார்கள். அதன் வோல்ட்டேஜ் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட மாறாது, அதனால் எவ்வளவு மிச்சம் என்று காரால் சரியாகக் கணிக்க முடிவதில்லை. மாதக்கணக்கில் 80-இலேயே நிறுத்தினால் ஒரு நாள் 25 சதவீதத்திலிருந்து சட்டென்று 12-க்கு விழும், உரிமையாளர் பேட்டரி கெட்டுவிட்டது என்று பயந்து ஓடிவருவார். இரண்டு முறை முழுதாக ஏற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை) என்றால் தினசரிக்கு 80 நல்லது.

பேட்டரி தேய்மானத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். பரவலாகக் கிடைக்கும் உத்தரவாதம் 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ.க்கு 70 சதவீதக் கொள்ளளவு. உங்கள் லீஸ் அதில் பாதிகூடப் போகாது. லீஸில் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். பேட்டரிப் பெட்டியின் அடிப்பாகம் இடிபட்டால் அது இயல்பான தேய்மானக் கணக்கில் வராது. வண்டி எடுக்கும் அன்றே லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் படம் எடுத்து வையுங்கள். பஞ்சர் கடையில் ஜாக்கியை உற்பத்தியாளர் காட்டிய இடத்தில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள், பெட்டியின் அடியில் வைத்தால் தகடு நசுங்கும்.

டயருக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள். வண்டி கனம், தொடக்க இழுவை அதிகம், அதனால் சீக்கிரம் தேயும். 45,000 கி.மீ.க்கு ஒரு செட்டாவது மாற்ற வேண்டிவரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பழைய டயரில் இருந்த சுமைக் குறியீடு (எவ்வளவு எடை தாங்கும் என்ற எண்) அதேதானா என்று பாருங்கள், குறைவானதைப் போட்டால் திருப்பும்போது ஏற்கமாட்டார்கள். டயரின் பள்ள ஆழம் பல நாடுகளில் சட்டப்படி 1.6 மி.மீ. போதும், ஒப்பந்தம் அதைவிட அதிகம் கேட்கலாம். கையோடு வந்த சார்ஜ் கேபிள், இரண்டாவது சாவி இரண்டும் பட்டியலில் இருக்கும். தொலைத்தால் தனிப் பில்.

மின்பயணி:

புது கொட்டேஷன் வந்துவிட்டது. விலை 23,200, முன்பணம் இல்லை, 15,000 கி.மீ., எஞ்சிய மதிப்பு 11,300, தவணை 425, கேப் உள்ளடக்கம். மற்றக் கட்டணங்கள் அதேதான். சார்ஜர் இல்லை.

கணக்குநோட்டு:

தேய்மானம் 11,900-ஐ 36-ஆல் வகுத்தால் 330.56. மீதி 94.44-ஐ 34,500-ஆல் வகுத்து 2,400-ஆல் பெருக்கினால் 6.6 சதவீதம். கேப்புக்கான பணம் இதற்குள்ளேயே இருப்பதால் நிஜ வட்டி இன்னும் கீழே. 300-உம் 250-உம் சேர்த்தால் மாதம் 440. முன்பு நிஜக் கணக்கு 509, அதிலும் கேப் இல்லை. நல்ல மாற்றம்.

கையெழுத்துக்கு முன் ஒரே ஒரு பக்கம் பாருங்கள்: பாதியில் முடித்தால் என்ன கணக்கு என்று. 'மீதித் தவணை முழுவதும்' என்று இருந்தால், அதை 'நிலுவைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம்' என்று மாற்றக் கேளுங்கள். மறுத்தால், வேறொருவர் பெயருக்கு லீஸை மாற்ற அனுமதி உண்டா என்றாவது எழுத்தில் வாங்குங்கள்.

பட்டறை:

திருப்பும் நாளுக்கு முன் காரின் செயலியிலிருந்து உங்கள் கணக்கை நீக்கி, திரையில் முழு ரீசெட் கொடுங்கள். வீட்டு முகவரி, போன் தொடர்புகள், சார்ஜ் நிலையக் கார்டு எல்லாம் அதில் இருக்கும். ரீசெட் மட்டும் செய்து கணக்கை விட்டால், அடுத்தவர் ஓட்டும் வண்டி உங்கள் போனில் தெரிந்துகொண்டே இருக்கும்.