தை 10-க்குள் மாடி முடியுமா? (குடும்பக் குழு, அக்டோபர் 4)

காலை 8:10

அப்பா: ஜோசியர் கிரகப்பிரவேசத்துக்குத் தை 10 குறித்துக் கொடுத்துவிட்டார். ஜனவரி 24. வரும் 10-ஆம் தேதி மாடிக்குக் கான்கிரீட் போடுகிறோம். எல்லோரும் வந்துவிடுங்கள்.

பெரியத்தை: முருகா 🙏

சித்தப்பா: மூன்றரை மாதம் இருக்கிறது. தாராளம்.

பெரியத்தை: என் வீட்டுக்கும் தாராளம் என்றுதான் சொன்னாய் தம்பி. பூசிய சுவரை மறுபடி வெட்டியதை மறந்துவிட்டாயா

சித்தப்பா: அக்கா, அது 2014

பெரியத்தை: விரிசல் இன்னும் இருக்கிறது

நான்: அப்பா, ராத்திரி உட்கார்ந்து, எந்த வேலை எந்தத் தேதியில் என்று காட்டும் கான்ட் சார்ட் போட்டுப் பார்த்தேன். படம் அனுப்புகிறேன்.

கார்த்தி அத்தான்: கான்ட் என்றால் முடியாது என்றுதானே அர்த்தம் 😄

நான்: அது ஆள் பெயர் அத்தான். ஹென்றி கான்ட், அமெரிக்கப் பொறியாளர், 1910-களில் இதைப் பரப்பினார். போலந்தில் அடாமியெட்ஸ்கி என்பவர் 1896-லேயே இதே மாதிரி ஒன்றைப் போட்டிருக்கிறார்.

சித்தி: டைல்ஸ் சந்தன நிறமா, சாம்பலா? இன்றைக்குச் சொல்லுங்கள்

நான்: சித்தி, ஒரு நிமிஷம். படத்தில் இடது பக்கம் வேலைகள், மேலே தேதி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. எத்தனை நாள் வேலையோ அத்தனை நீளம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்றால் நடுவில் அம்புக்குறி. ஹால் குறுக்கே 16 அடி. 15 அடிக்குள் இருந்தால் கான்கிரீட்டைத் தாங்கும் முட்டுகளை ஏழு நாளில் எடுக்கலாம், அதற்கு மேல் 14 நாள் என்று ஐ.எஸ். 456-லேயே (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) இருக்கிறது. அதனால் 24-ஆம் தேதி வரை கீழே உள்ளே எந்த வேலையும் நடக்காது. கான்கிரீட் இறுக மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் அதே நாட்களில்தான், தனியாக நாள் வேண்டாம். அப்புறம் எலக்ட்ரீஷியன், பிளம்பர் சுவரில் காடி வெட்டிக் குழாய் பதிக்க 6 நாள், அக்டோபர் 30 வரை. பூச்சு 16 நாள், அது காய 7 நாள். டைல்ஸ் நவம்பர் 23-இல் தொடங்கி 14 நாள். சுவருக்குப் பட்டி பூச 14 நாள், பெயின்ட் 14 நாள். கதவு, சுவிட்ச், குழாய் மாட்ட 7 நாள். ஜனவரி 10-இல் முடிகிறது.

அப்பா: இரண்டு வாரம் கையில் இருக்கிறதே

நான்: 13 நாள். அதற்குள்தான் தீபாவளியும் ஐப்பசி மழையும் வர வேண்டும். நவம்பர் 8 தீபாவளி, ஆட்கள் ஊருக்குப் போனால் ஆறு நாள் போச்சு. மீதி ஏழு.

அப்பாயி: [குரல் பதிவு 0:47]

பெரியத்தை: அம்மா சொல்வது, கீழே இருந்து மாடிக்குப் படி உயரம் குறைவாக வைக்க வேண்டுமாம். முட்டி வலி.

அப்பா: படி ஏற்கெனவே கட்டியாச்சும்மா

சித்தப்பா: அம்மா கீழேதானே இருக்கப் போகிறார்

பெரியத்தை: அதை யார் முடிவு செய்தது?

காலை 8:41

நான்: சித்தப்பா, உங்கள் நண்பர் எலக்ட்ரீஷியன் எப்போது வருகிறார்?

சித்தப்பா: தீபாவளி முடிந்து 11-ஆம் தேதி வருகிறேன் என்றான். சின்ன வேலைதானே, ஆறு நாள்

நான்: ஆறு நாள்தான் சித்தப்பா, ஆனால் எல்லா அம்புக்குறியும் அந்த வேலையிலிருந்துதான் போகிறது. காடி வெட்டாமல் பூச முடியாது. பூசாமல் டைல்ஸ் இல்லை, பட்டி இல்லை. நவம்பர் 11-இல் வந்தால் 16-இல் முடிப்பார், 17 நாள் தள்ளும். கையில் இருந்தது 13. மழை ஒரு நாள்கூடப் பெய்யாவிட்டாலும் ஜனவரி 27.

அப்பா: தை 13

பெரியத்தை: பத்திரிகையில் 10 என்று போட்டுவிட்டு?

கார்த்தி அத்தான்: டைல்ஸும் சண்டை போடாமல் எடுக்க வேண்டும்

நான்: டைல்ஸுக்கு அவசரமே இல்லை அத்தான். நவம்பர் 22-க்குள் கடையிலிருந்து வந்தால் போதும். கதவும் அப்படித்தான், ஆசாரி 20 நாள் கேட்கிறார், ஜனவரி முதல் வாரம்தான் தேவை. இவையெல்லாம் கொஞ்சம் நகரலாம். காடி மட்டும் நகரக் கூடாது.

சித்தி: அப்போ சந்தனம்

பெரியத்தை: சாம்பல்தான் அழுக்குத் தெரியாது

சித்தப்பா: வேறு ஆள் போட்டால் அவன் என்ன நினைப்பான். பத்து வருஷப் பழக்கம்

பெரியத்தை: என் சுவரை வெட்டினவன்தானே

சித்தப்பா: அக்கா

அப்பா: சண்டை வேண்டாம். தம்பி, இன்றைக்குப் பேசிப் பார். 25-ஆம் தேதி வர முடியுமா என்று மட்டும் கேள்.

நான்: காடி வெட்டிக் குழாய் பதிப்பதை மட்டும் வேறு ஆள் செய்யட்டும், வயர் இழுக்க அவரே வரட்டும். பூச்சு முடிந்த பிறகும் வயர் இழுக்கலாம். பழக்கமும் கெடாது.

சித்தப்பா: கேட்டுப் பார்க்கிறேன்

அப்பாயி: [குரல் பதிவு 0:12]

அப்பா: அம்மா கேட்கிறார், இந்தப் படத்தைப் பெரிதாக ஒரு தாளில் போட்டுத் தருவாயா என்று. சிமென்ட் அடுக்கியிருக்கிற அறைக் கதவில் ஒட்ட வேண்டுமாம். தினமும் தானே கோடு போடுகிறாராம்.

நான்: சனிக்கிழமை கொண்டு வருகிறேன் அப்பாயி ❤️ நீலம் திட்டம், அடியில் சிவப்பில் நீங்கள் போடுங்கள்.

மாலை 6:20

பெரியத்தை: சமையலுக்கு யார்? நம் பழைய ஆள் 24-க்கு இருக்கிறாரா?

அப்பா: 24 என்று சொல்லிவை. முன்பணம் கொடுக்காதே.

சித்தப்பா: அவன் போன் எடுக்கவில்லை. நாளைக் காலையில் வீட்டுக்கே போகிறேன்